இல்லாத பிள்ளைக்கு ஓர் அர்ச்சனை

"அக்கா, உங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

கயல்விழி இதைக் கேட்டபோது மதியம் இரண்டு, இரண்டரை இருக்கும். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ அறை. அவள் கட்டிலில் படுத்திருக்கவில்லை. என் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் என் கழுத்தில் போட்டு, முழுப் பாரத்தையும் என்மேல் சாய்த்திருந்தாள். நான் அவள் இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

டெட்டால் வாசனை. அவள் தலையில் காலையில் யாரோ கொட்டியிருந்த விளக்கெண்ணெய் வாசனை. ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாததால் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் உள்ளே வந்தது. மேசையில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ், கயல் கேட்டதும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நல்ல வேளையாக அடுத்த வலி வந்துவிட்டது. "மூச்சு விடு. நீளமா விடு. தோள இறுக்காத" என்று வேலையைப் பார்த்தேன். வலி போனது. கயல் என் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கேட்டாள்.

"சொல்லுங்கக்கா. உங்க பையன் பொறக்கையில இப்படித்தான் இருந்துச்சா?"

எனக்குப் பையன் இல்லை. பெண்ணும் இல்லை. ஆனால் பெங்களூரில் படிக்கிற ஒரு மகன் எனக்கு இருப்பதாக அந்தக் குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. நம்ப வைத்தது நான்தான்.

துணைக்கு நிற்கிற வேலை

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் என் லேப் நாட்களைப் பற்றி எழுதினேன். ரத்தம் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு அப்புறம் என்னதான் செய்தீர்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். இதைத்தான் செய்கிறேன். பிரசவத்துக்குத் துணை நிற்கிறேன். டூலா என்று சொல்வார்கள்.

அந்தச் சொல்லை எங்கள் பக்கம் சொன்னால், "அது என்ன, நர்ஸா?" என்பார்கள். இல்லை. நான் ஊசி போட மாட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தலை எங்கே என்று சொல்ல மாட்டேன். மருந்து தர மாட்டேன். டாக்டர் ஆபரேஷன் என்றால் வேண்டாம் என்று குறுக்கே நிற்கவும் மாட்டேன்.

பிறகு என்னதான் செய்கிறாய் என்று என் வீட்டுக்காரரே முதல் வருஷம் முழுக்கக் கேட்டார். கூட இருக்கிறேன். அவ்வளவுதான். டியூட்டி நர்ஸ் மாறுவார், டாக்டர் வருவார் போவார், நான் மட்டும் ஆரம்பத்திலிருந்து பிள்ளை பிறக்கிற வரை நகர மாட்டேன். முதுகை அழுத்துவேன், தண்ணீர் கொடுப்பேன், நடக்க வைப்பேன், எப்படி நின்றால் கொஞ்சம் தேவலை என்று பார்ப்பேன். டாக்டர் சொன்னதைப் புரிகிற தமிழில் திரும்பச் சொல்வேன். அந்தப் பெண் கேட்க நினைத்துக் கேட்காமல் விடுகிற கேள்வியை, "இத டாக்டர்கிட்ட கேட்டுடு" என்று எடுத்துக் கொடுப்பேன்.

வலி இல்லாமல் பிள்ளை பிறக்கும் என்று நான் யாருக்கும் வாக்கு கொடுத்ததில்லை. தனியாகக் கிடந்து பயப்பட வேண்டியதில்லை என்று மட்டும் சொல்வேன். பயம் விட்ட உடம்பு கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இது நான் பக்கத்தில் நின்று பார்த்தது.

லேப்பில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு ஆள் இல்லை என்று ஒரு நாள் துணைக்குப் போனதுதான் ஆரம்பம். அதன்பின் சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தேன். வகுப்பில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அரியலூர் மாவட்டத்து மாமியார்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி

"உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

காபி வருவதற்கு முன்னாலேயே இது வந்துவிடும். நான் என்ன படித்தேன், எத்தனை பிரசவத்தில் நின்றேன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். "பிள்ளை இல்லைங்க" என்று நான் சொன்னதும் ஒரு "ஓ" வரும். பிறகு காபி வரும். பிறகு, "யோசிச்சுச் சொல்றோங்க" வரும்.

அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. கணவர் துபாயில். அந்தப் பெண்ணின் அம்மா, "அதெல்லாம் அல்லாஹ் குடுக்கறது. நீங்க எம் மவ கைய விடாம புடிச்சுப்பீங்களா, அதச் சொல்லுங்க" என்றார். பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா?

பிள்ளைக்காக நாங்கள் பார்க்காத டாக்டர் இல்லை. திருச்சி, தஞ்சாவூர் என்று அலைந்தோம். ஒரு கட்டத்தில் போதும் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை. ஊர்க்காரர்களுக்குத்தான் இன்னும் குறை. வளைகாப்புக்குக் கூப்பிடுவார்கள், வளையல் போடுகிற வரிசை வரும்போது, "வசந்தா, அந்தச் சாப்பாட்டுப் பந்தியக் கொஞ்சம் பாரேன்" என்பார்கள். எரிச்சலாக இருக்கும். பந்தியைப் பார்ப்பேன்.

ஆனால் வேலை என்று வந்த பிறகும் அதே பந்திக்குப் போ என்றால் எப்படி? படித்துவிட்டு வந்திருக்கிறேன். இருதய டாக்டரிடம் போய், "உங்களுக்கு எத்தன தடவ மாரடைப்பு வந்துச்சு?" என்று யாராவது கேட்பார்களா?

இந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் கயல் போன் செய்தாள்.

கயல் கேட்ட கேள்விகள்

கயலுக்குப் பிறந்த ஊர் திருமானூர். அவள் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அப்பா நெல்லும் கரும்புமாக வயலோடு கிடப்பவர். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். கயலை அழைத்துப் போக ஆள் இல்லை. அதனால் அரியலூரில் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கணவன் பிரபு சிமென்ட் ஆலை ஆபீஸில் வேலை பார்த்தான். நல்ல பையன். ஆனால் பிரசவ அறைக்குள் ஆம்பளைகளுக்கு இடமில்லை.

நான் போன அன்று கயல் செல்போனில் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். இதற்கு முன் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"எத்தன மாசத்துலேந்து வருவீங்க?"

"இப்பயே வாரம் ஒரு தடவ வருவேன். மூச்சு விடறது, நடக்கறது, எந்த வலி நெஜ வலி, எல்லாம் பேசிக்கலாம்."

"அதே நாள்ல வேற ஒருத்தங்களுக்கும் வலி வந்துட்டா?"

"எங்க பெரம்பலூர்லயே என்கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கா. அவள முன்னாடியே உனக்குப் பழக்கி வுட்டுர்றேன்."

"நான் கத்துனா திட்டுவீங்களா?"

"மாட்டேன். நல்லாக் கத்து" என்றேன்.

"ஆபரேஷன்னு ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். டாக்டர் உள்ள வுட்டா உள்ள நிப்பேன். இல்லன்னா வெளிய நிப்பேன். நீ கண்ணு முழிக்கிறப்ப பக்கத்துல இருப்பேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். அவளுக்கு என்னைப் பிடித்துவிட்டது, எனக்கும் அவளை. அப்போது மாமியார் சரோஜா காபியோடு வந்தார். உடையார்பாளையம் பக்கத்து நிலபுலம் உள்ள வீட்டில் பிறந்தவர். முதுகு வளையாமல் நடப்பார். காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, நான் எதிர்பார்த்ததைக் கேட்டார்.

"உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

கயல் என்னைப் பார்த்தாள். எப்படியாவது சரியான பதிலைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை.

"ஒரு பையன்" என்றேன். "பெங்களூர்ல படிக்கிறான்."

"நார்மலா?"

"நார்மல்தாங்க."

சரோஜாவின் முகம் இளகியது. காபியோடு ஒரு தட்டில் அதிரசமும் வந்தது. பொய் சொன்னால் அதிரசம் வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சிறுவாச்சூரில் ஒரு வெள்ளிக்கிழமை

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். பையன் பெயர் ஆதவன் என்றேன். ப்ளஸ் டூவில் கணக்கில் கொஞ்சம் மட்டம் என்றேன். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "எளச்சுட்டானா?" என்று சரோஜா கவலைப்பட்டார். ஆமாம், இளைத்துவிட்டான் என்றேன்.

உண்மையைச் சொன்னால் இந்த வேடிக்கையில் எனக்கு ஒரு சின்ன சுகமும் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவனுக்கு உயரம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கிறேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வார்.

கயலுக்கு எட்டாம் மாதம். சிறுவாச்சூர் அம்மனுக்கு மாவிளக்கு போடுவதாகச் சரோஜாவுக்கு ஒரு வேண்டுதல். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் வரச் சொன்னார்கள். கூட்டம் தாளவில்லை. மாவிளக்கு ஏற்றிவிட்டு, அர்ச்சனைத் தட்டோடு சரோஜா சன்னதியில் நின்றார். கயல் பெயர், பிரபு பெயர், நட்சத்திரம் எல்லாம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆதவனுக்கு என்ன நட்சத்திரம்?"

"வேணாங்க, அவனுக்கு எதுக்கு..."

"சும்மா இருங்க. புள்ள ஒடம்பு தேறணும்ல? நட்சத்திரத்தச் சொல்லுங்க."

"உத்திராடம்" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, அம்மனுக்கு முன்னால் நின்று, உத்திராட நட்சத்திரம், ஆதவன் என்று சத்தமாகச் சொன்னார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சரோஜா குங்குமத்தை ஒரு தாளில் மடித்து, "பெங்களூருக்கு அனுப்பி வுட்டுருங்க" என்று கையில் கொடுத்தார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். கயல் பக்கத்தில் வந்து நின்று, "நீங்க இருக்கீங்கன்னுதான் எனக்குத் தைரியமா இருக்குக்கா" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே ஒருவருக்குத்தான் இடம்

பிரசவ நாள் அன்று விடிந்ததும் பிரபு போன் செய்தான். பனிக்குடம் உடைந்துவிட்டது, காரில் கிளம்பிவிட்டோம் என்றான். நான் பெரம்பலூர்க்காரி என்பதால் அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன்.

கார் வந்தது. கயல், பிரபு, சரோஜா. கூடவே சரோஜாவின் ஓரகத்தி ராசாமணியும் இறங்கினார். அவர் கையில் சீரகக் கஷாய ஃபிளாஸ்க்.

ராசாமணியைப் பற்றிக் கயல் எனக்கு நிறையச் சொல்லியிருந்தாள். மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்றவர். அந்த மூன்று பிரசவத்தையும் சாப்பாட்டு நேரத்தில்கூட விவரிப்பவர். முதல் பிள்ளைக்குத் தலை நின்றுபோனது, இரண்டாவதுக்கு ரத்தம் நிற்காமல் போனது, மூன்றாவதுக்குச் செத்துப் பிழைத்தது. கயல் அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் என் போன் நம்பரைத் தேடிப் பிடித்தாள்.

பிரசவ அறை வாசலில் நர்ஸ், "ஒரு லேடிதான் உள்ள வரலாம், யாரு வர்றீங்க?" என்று கேட்டார். நான் செருப்பைக் கழற்றினேன். சரோஜா என் கையைத் தொட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற வழி பூரா யோசிச்சேன். அவங்க மூணு ஆம்பளப் புள்ள பெத்தவங்க. கைராசி. மொதல்ல அவங்க போவட்டும்."

கயல், "அத்த, அக்காதான..." என்று ஆரம்பித்தாள். வலி வந்தது. பேச்சு நின்றுபோனது. கதவு சாத்திக்கொண்டது.

வாசலில் சண்டை போடக் கூடாது என்பது என் வேலையில் நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும். ஆகவே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். சரோஜாமேல் பாதி, என்மேல் பாதி. ஒரு மகன் போதவில்லை. பொய் சொன்னதுதான் சொன்னேன், மூன்றாகச் சொல்லியிருக்கலாம்.

பதினொரு மணி வாக்கில் உள்ளேயிருந்து நர்ஸின் குரல் வெளியே கேட்டது.

"யாரு உங்கள முக்கச் சொல்லச் சொன்னா? கர்ப்பப்பை வாசல் இன்னும் நாலு சென்டிதான் தொறந்துருக்கு, பத்து ஆவணும். இப்பவே முக்குனா வாசல் வீங்கிப் போயிடும், பொண்ணு களச்சுப் போயிடும். வெளிய போங்கம்மா!"

ராசாமணி கஷாய ஃபிளாஸ்க்கோடு வெளியே வந்தார். "காலங்காலமா முக்குன்னுதான சொல்றோம்? இவளுக்கு ஒடம்புல வலுவே இல்ல. இது ஆவாது, கத்தியப் போட்டுருவாங்க" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். மூடி கழன்ற ஃபிளாஸ்க்கிலிருந்து கஷாயம் சேலையில் வழிந்ததை அவர் கவனிக்கவில்லை. பெற்றது வேறு, பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு.

சரோஜா என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தேன்.

மூன்று நிமிஷம்

உள்ளே கயல் மல்லாந்து படுத்து, கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண் கூரையில் நிலைத்திருந்தது. பேசவில்லை. சத்தம் போடுகிற பெண்ணைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. இப்படி அசையாமல் கிடப்பவளைக் கண்டால்தான் பயம்.

டாக்டர் வந்து பார்த்தார். "குழந்த நல்லா இருக்கு, ஹார்ட் பீட் நல்லா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள முன்னேறலன்னா ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். கயல் காதில் ஆபரேஷன் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

"நடக்கலாமான்னு கேளு" என்றேன் மெதுவாக.

"நடக்கலாமா டாக்டர்?"

"தாராளமா."

எழுப்பி நிறுத்தினேன். நடந்தோம். ஜன்னல் வரை, கதவு வரை, மறுபடி ஜன்னல் வரை. வலி வந்தால் என் கழுத்தைப் பிடித்துத் தொங்குவாள். போனால் ஒரு மடக்கு தண்ணீர். நர்ஸ் அவ்வப்போது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, "நடங்க, நடங்க" என்பார். ஒரு மணிக்கு ஆறு சென்டி என்றார்.

அதன் பிறகுதான், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வி வந்தது. "உங்க பையன் பொறக்கையில இப்படித்தான் இருந்துச்சா?"

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் அப்போது மூன்று நிமிஷம் இருந்தது. "ஆமாம்டா, இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவளுக்கும் தெம்பாக இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? இந்த அறையில் அவள் நம்பிப் பிடித்திருப்பது ஒருத்தியைத்தான். அந்தப் பிடி நழுவினால், மறுபடி கட்டிலில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். அப்படியே சாயங்காலம் ஆகிவிடும்.

ஆனால் அவள் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தாள். அந்தத் தூரத்தில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"கயல், எனக்குப் புள்ள கிடையாது. ஆதவன்னு யாரும் இல்ல. உங்க அத்தை என்னய வேணாம்னு சொல்லிருவாங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

நர்ஸின் பேனா நின்றது. கயல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வலி வந்தது. அவள் கை என் கழுத்தை விட்டுப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. வழக்கம்போலத் தொங்கினாள், வழக்கம்போல மூச்சு விட்டாள். முடிந்ததும் என் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினாள்.

"அதானே பாத்தேன்" என்றாள். "மூணு மாசமா வர்றீங்க. ஒங்க பிரசவக் கதைய ஒரு நாளாச்சும் சொல்லணுமே. ஊர்ல எல்லாரும் அவங்கவங்க கதைய என் தலையில கொட்டுறாங்க. நீங்க மட்டுந்தான் எனக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டீங்க."

பிறகு, "இடுப்ப அழுத்துங்கக்கா. விட்டுட்டீங்க பாருங்க" என்று திட்டினாள்.

அழுத்தினேன். என் கண் நனைந்திருந்ததை நர்ஸ் பார்த்திருப்பார். அவர் கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டார்.

மூன்றே முக்கால் மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கயல் நன்றாகக் கத்தினாள். குழந்தை அதைவிட நன்றாகக் கத்தியது. அங்கேயே மார்பில் போட்டார்கள். அரை மணிக்குள் சப்பிக் குடிக்கப் பழகிவிட்டது.

சர்க்கரைத் தண்ணீர்

வெளியே வந்து சரோஜாவிடம், "பொண்ணுங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன். அவர் கைகூப்பினார். அந்த மூச்சிலேயே மீதியையும் சொன்னேன். பையன் இல்லை, பெங்களூர் இல்லை, ஒன்றும் இல்லை.

ராசாமணி, "அடியாத்தீ!" என்றார்.

சரோஜா கூப்பிய கைகளைக் கீழே இறக்கினார். அப்புறம் கேட்டார். "அப்ப அன்னிக்கு அம்மன் முன்னால யாருக்குங்க அர்ச்சன பண்ணோம்?"

"மன்னிச்சுக்குங்க" என்றேன். "மனசுக்கு வருத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார். நியாயம்தான். என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். கயலை அறைக்கு மாற்றும்வரை இருப்பதாகச் சொல்லியிருந்ததால் இருந்தேன்.

அறைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ராசாமணி ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தார். பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதற்கு ஆள் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயம். புருஷன், பிள்ளை, சொத்து எல்லாம் நிறைந்தவராகப் பார்த்துப் பிடிப்பார்கள்.

"நானே வச்சுரட்டுமா?" என்றார் ராசாமணி.

"குடுங்க" என்று சரோஜா டம்ளரை வாங்கினார். குழந்தையைப் பார்த்தார். கயலைப் பார்த்தார். மூலையில் பையோடு நின்ற என்னிடம் வந்து, டம்ளரை நீட்டினார்.

"நீங்க வைங்க."

ராசாமணி, "என்ன சரோசா, அவங்களுக்கு..." என்று இழுத்தார்.

"தெரியும். உள்ள போனதுலேந்து உக்காரல, காலையிலேந்து ஒரு வாய் சாப்புடல. எம் மருமவளக் கீழ வுடல. அந்தக் குணம் வரட்டும் எம் பேத்திக்கு." என் முகத்தைப் பார்த்து, "பொய் சொல்ற குணம் மட்டும் வேணாம்" என்றார்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் எந்த வீட்டிலும் அந்த டம்ளர் என் பக்கம் வந்ததில்லை. வாங்கிக்கொண்டேன். தொட்டிலில் குழந்தை வாயைக் கோணிக்கொண்டு எதையோ தேடியது. ஒரு சொட்டுதான். ஆசையாக இருந்தது. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக இருந்தது. விரலைக்கூட நனைத்துவிட்டேன்.

வாரா வாரம் அரியலூருக்கு பஸ் ஏறிப் போய், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க விடாதே, சர்க்கரைத் தண்ணியும் கூடாது, தேனும் கூடாது, யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல் என்று அந்தப் பெண்ணுக்குப் படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான்.

டம்ளரைத் தூக்கி ஒரே மடக்கில் நானே குடித்துவிட்டேன்.

சரோஜா திகைத்து நின்றார். பிள்ளைக்குப் பால் மட்டும்தாங்க என்று விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கயல்தான் கட்டிலில் இருந்து சொன்னாள். "புள்ளைக்குப் பால் மட்டுந்தான் அத்த." பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, அவளத் தூக்கி என்கிட்ட குடுங்க. நீங்களே தூக்குங்க."